லோடு வண்டிக்காரருக்கு மட்டும் எட்டு மணி நேரம் கிடையாதா?

"இந்த லோடு வண்டிக்காரங்க எல்லாம் இப்படித்தான், கண்ணு மண்ணு தெரியாம ஓட்டுவாங்க." இந்த வசனத்தை நீங்களும் ஒரு தடவையாவது சொல்லியிருப்பீர்கள். சாலை விபத்து பற்றிப் பேச்சு வந்தாலே போதும், வகுப்பில் எல்லோரும் ஓட்டுநரைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். அவர் ஏன் அவசரமாகப் போகிறார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நான் கேட்கிறேன். அந்த அவசரம் அவருடைய குணம் இல்லை, அவர் கையில் யாரோ எழுதிக் கொடுத்த அட்டவணை.

நான் சொல்வது நெடுஞ்சாலையில் போகும் 12 சக்கர லாரியை அல்ல. 2005-ல் டாடா ஏஸ் வந்ததும் நம் மக்கள் செல்லமாகக் 'குட்டி யானை' என்று பெயர் வைத்தார்களே, அந்த வண்டியை. டவுன் ஏஜென்சியில் இருந்து பிஸ்கட், சோப்பு, எண்ணெய், ஷாம்பு எல்லாவற்றையும் கிராமத்துப் பெட்டிக்கடை வரை கொண்டு போய்ச் சேர்ப்பது அதுதான்.

கடந்த விடுமுறையில் அருப்புக்கோட்டையில் இருந்து திருச்சுழி, நரிக்குடி பக்கம் போகும் ஒரு லைன் வண்டியில் ஒரு நாள் முழுக்கப் போனேன். காலை 5.30-க்கு குடோன் திறக்கிறது. பில்லைப் பார்த்துப் பெட்டிகளை எண்ணி ஏற்றுவது, தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டுவது எல்லாம் ஓட்டுநர் அண்ணன்தான். கிளீனர் கிடையாது, செலவு மிச்சமாம்! 7 மணிக்கு வண்டி கிளம்புகிறது. அன்றைக்கு 32 கடை. ஒவ்வொரு கடையிலும் இறக்க வேண்டும், எண்ணிக் காட்ட வேண்டும், பழைய பாக்கியைக் கேட்க வேண்டும், "அண்ணாச்சி சாப்பிடப் போயிருக்கார், செத்த இருங்க" என்றால் காத்திருக்கவும் வேண்டும். சாப்பாடு, ஸ்டியரிங்கில் சாய்ந்தபடி இரண்டு பரோட்டா. திரும்பி வந்து வசூல் பணத்தை எண்ணிக் கொடுத்துக் கணக்கு முடிக்கும்போது இரவு 8.30. மொத்தம் 15 மணி நேரம். உடைந்த பாட்டிலுக்குப் பணம் அவர் சம்பளத்தில்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. கடைக்கு 10 நிமிடம் என்று அட்டவணை சொல்கிறது. நான் பார்த்தவரை 15 நிமிடத்துக்குக் குறையவில்லை. ஒரு கடைக்கு 5 நிமிடம் கூடினால் 32 கடைக்கு 160 நிமிடம். இரண்டரை மணி நேரத்துக்கும் மேல்! இதை அவர் எங்கே போய்ப் பிடிப்பார்? பெட்டியை வேகமாக இறக்க முடியாது, உடைந்தால் சம்பளம் போகும். அண்ணாச்சியை விரட்ட முடியாது, ஆர்டர் போகும். மிச்சம் இருப்பது ரோடு மட்டும்தான். அங்கேதான் நாம் அவரைப் பார்க்கிறோம், பார்த்ததும் திட்டுகிறோம்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. 5 மணி நேரம் வேலை பார்த்தால் அரை மணி நேரம் ஓய்வு. இடைவெளி எல்லாம் சேர்த்தும் காலையில் தொடங்கியதில் இருந்து 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. 5 பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருப்பவருக்கு அந்தச் சட்டம் தானாகப் பொருந்தாது என்று ஒரு சந்து இருந்தது. ஆனால் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 91-வது பிரிவு, போக்குவரத்து வண்டி ஓட்டும் எவருக்கும் அதே வேலை நேரம்தான் என்று எழுதி அந்தச் சந்தையும் அடைத்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் 8 மணி நேரம் இருக்கிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்களே, அதுதான் கதை. வழியில் ஆர்.சி., இன்சூரன்ஸ், பொல்யூஷன் எல்லாம் கேட்டார்கள். எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

ஓட்டுநர்களின் வெக்கையைக் குறைக்க, 2025 முதல் தயாராகும் சரக்கு வண்டிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம் என்று மத்திய அரசு விதி கொண்டு வந்தது. நல்ல விஷயம். ஆனால் அது 3.5 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு. குட்டி யானைக்குள் சித்திரை வெயில் அப்படியேதான் இருக்கும்.

தண்டனை என்று வரும்போது மட்டும் நமக்கு எங்கிருந்தோ சுறுசுறுப்பு வந்துவிடுகிறது. விபத்து செய்துவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடினால் 10 ஆண்டு வரை சிறை என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு வந்தது. 2024 ஜனவரியில் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூலை 1-ல் மற்ற பிரிவுகள் அமலானபோது இதை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். அடிபட்டவரை விட்டுவிட்டு ஓடுவது தப்பு, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் பதினைந்தாவது மணி நேரத்தில் ஒருவரை ஸ்டியரிங் பிடிக்க வைத்த முதலாளிக்கு எத்தனை ஆண்டு? அதைப் பற்றி எந்த டிவி விவாதத்திலும் நான் கேட்கவில்லை.

"கூட ஆள் போட்டால் விலை ஏறுமே?" என்று கேட்பீர்கள். சரி, ஏறட்டும். எவ்வளவு ஏறும்? ஒரு நாளைக்கு 60,000 ரூபாய் சரக்கு போகிறது என்று வைத்துக்கொள்வோம். கிளீனருக்கு 600 ரூபாய் கூலி. நூற்றுக்கு ஒன்று. மொத்தத்தையும் நம் தலையில் கட்டினாலும் 10 ரூபாய் பிஸ்கட்டுக்கு 10 காசு. கம்பெனியும் ஏஜென்சியும் கொஞ்சம் பகிர்ந்துகொண்டால் அதுவும் இல்லை. இந்த 10 காசுக்காகத்தான் ஒரு மனிதரின் இடுப்பும் தூக்கமும் போகிறது.

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. வண்டிக்கு ஒரு கிளீனர். 32 கடையை இரண்டு நாளாகப் பிரிப்பது. உடைந்ததற்குச் சம்பளத்தில் கை வைக்காமல் இருப்பது. குடோனுக்குள் வந்த நேரத்தில் இருந்து வேலை நேரத்தை எழுதுவது, சோதனையில் அந்தப் புத்தகத்தையும் கேட்பது.

கடைசியாக, என் வகுப்புத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. படித்து முடித்து நம்மில் நாலு பேராவது ஏதாவது கம்பெனியில் ஏசி அறையில் உட்கார்ந்து இந்த ரூட் அட்டவணையைப் போடத்தான் போகிறோம். எக்செல் கட்டத்தில் '10 நிமிடம்' என்று அடிப்பதற்கு முன்னால், ஒரே ஒரு நாள் அந்த வண்டியில் ஏறிப் பெட்டி இறக்கிப் பாருங்கள். அதற்குப் பிறகும் 10 என்று அடிக்கக் கை வந்தால், அடுத்த விபத்துக்கு ஓட்டுநரைத் திட்டும் உரிமை உங்களுக்கு இல்லை.