திருட்டு நகல் விடுதலை ஆகாது!

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-ஓ பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் ஏறாது. புதிதாய் வாங்கு என்கிறது ஏகபோகம்! அச்சு விற்றவன் சொன்னான் என்பதற்காக, ஓடுகிற தறியை எந்த நெசவாளி அடுப்பில் வைப்பான்?

"நமக்கென்ன, திருட்டு நகல் இருக்கிறதே" என்கிறார்கள் காஞ்சிபுரத்தில் சிலர். பூட்டை உடைத்துத் தந்தவன் உள்ளே என்ன வைத்தான் என்று இவர்களுக்குத் தெரியுமா? 2017 மே மாதம் வான்னாக்ரை என்னும் நச்சுநிரல், திருத்தம் போடாத விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் புகுந்து, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. திருத்தம் மார்ச் மாதமே வந்திருந்தது! பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தின் கூலிக் கணக்கு அப்படிப் பூட்டப்பட்டால் பட்டினி யாருக்கு? முதலாளிக்கா?

லினக்ஸைப் போடுங்கள் என்கிறோம் நாம். பெரிய கம்பெனிகளும் அதில் வேலை செய்கின்றன, மறுக்கவில்லை; ஆனால் அதன் மூலநிரலை எவரும் பூட்டி வைக்க உரிமம் இடம் தராது. பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். கணக்குக்கு லிப்ரே ஆபீஸ், இணையத்துக்குப் பயர்பாக்ஸ், கடவுச்சொற்களைக் காக்கக் கீபாஸ் எக்ஸ்சி. வாரம் ஒரு முறை கணக்கைத் தனி டிரைவில் நகலெடுத்துக் கழற்றி வையுங்கள்.

இலவசம் என்றால் மட்டம் என்போர் கேரளப் பள்ளிகளைப் பார்க்கட்டும். ஏன், நம் எல்காட் நிறுவனமே 2007-ல் உமாசங்கர் நிர்வாகத்தில் லினக்ஸுக்கு மாறிக் காட்டியதே!

ஜக்கார்டு டிசைன் மென்பொருள் சில விண்டோஸில்தான் ஓடும். உண்மை. அந்த ஒரு கம்ப்யூட்டரை இணையத்திலிருந்து பிரித்து வையுங்கள். அதைக் காட்டி அலுவலகம் முழுவதையும் அடகு வைப்பதா? நெசவாளத் தோழர்களே, சங்கத்தின் அடுத்த பேரவைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். கைத்தறித் துறை பதில் சொல்லட்டும்!