அளவுகோல் இங்கும் செல்லுமா?

தன்னிலிருந்தே தான் விலகிப்போன உணர்வு, நினைவில் விழும் இடைவெளி போன்ற அனுபவங்களைப் பதின்பருவத்தினரிடம் அளக்க அமெரிக்காவில் உருவாகி 1997-இல் வெளியான 30 கேள்விப் படிவத்தை, அதன் வரம்பு எண்ணோடு அப்படியே எல்லா நாட்டுப் பிள்ளைகள்மீதும் சுமத்துவது ஏற்கத்தக்கதல்ல. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். சராசரி 4-ஐத் தொட்டால் மேல்விசாரணை தேவை. அதாவது அந்த எண் ஐயத்தைத்தான் எழுப்புகிறது, நோயை உறுதிசெய்வதில்லை. பரவலாக ஏற்கப்பட்ட பண்பாட்டு, சமய வழக்கங்களை நோயாகக் கொள்ளலாகாது என்று 2013-இல் வந்த அமெரிக்க மனநலக் கையேடே எச்சரிக்கிறது. கோயில் கொடையில் சாமியாடும் பெண்ணைப் பார்த்து வளரும் சிறுவன், தனக்குள் வேறொரு குரல் கேட்பதாகச் சொன்னால் அதன் பொருளை அந்தப் படிவம் அறியாது. துருக்கியில் அதன் மொழியாக்கத்தின் நம்பகத்தன்மை அங்குள்ள பிள்ளைகளிடமே சோதிக்கப்பட்டது; தமிழிலும் அந்த உழைப்பைத் தவிர்க்க முடியாது. அதற்காக, எல்லாவற்றையும் ‘அருள்’ என்று ஒதுக்குவது இன்னும் பெரிய தவறு: வன்கொடுமைக்கு ஆளான குழந்தையின் மனம் தப்பிக்கும் வழியும் பல நேரம் இந்த விலகலே. உள்ளூர்த் தரவில் சோதித்து வரம்பு வகுக்கும்வரை, பள்ளிகளில் இந்த மதிப்பெண்ணைக் கொண்டு எந்த மாணவருக்கும் நோய்ப்பெயர் சூட்டக் கூடாது. பயிற்சி பெற்றவரின் நேர்காணல் கட்டாயமாக வேண்டும்.