தூக்குக்குண்டு கூறும் சான்று

உலகம் உருண்டை என்பதனை ஐயுறுவார் இக்காலத்தும் உளரோ என்று வினவுவார்க்கு, உளர் என்பதே எம் விடை. பெருங்களத்தூரில் ஒரு வீட்டு மாடியில் யாம் மாணவர் நால்வர் தங்கிப் பயின்று வருகின்றோம். ஒரு மாலைப்பொழுதில் எம்முள் ஒருவர், உலகம் தட்டையே என்றும், புவியீர்ப்பு என்பதொன்று இல்லை என்றும், கைபேசியிற் கேட்ட சொற்பொழிவொன்றைத் துணையாகக் கொண்டு உரைத்தார். ஏனைய மூவரும் கொல்லென்று நகைத்தோம். அவர் சினவாது, "நகைப்பு விடையாகுமோ? உருண்டை என்பதை நீவிர் எங்ஙனம் அறிந்தீர்? பாடநூல் கூறிற்று என்பதன்றி வேறு சான்று உண்டோ?" என்றார். எம் நகை அடங்கிற்று. மூவருள் ஒருவரேனும் விடை கூறினோமில்லை.

பின்னரே அவர் உள்ளத்தை யாம் அறிந்தோம். பூமியை உருண்டை என்பார் வேதாகமத்தைப் பொய்யாக்குகின்றார் என்று அவர்க்கு எவரோ அழுந்தக் கூறியிருந்தனர். அவர்க்கு இது வானநூல் வழக்கன்று. தம் விசுவாசத்தைக் குறித்த அச்சம். அச்சமுற்றார்க்கு நகைப்பு மருந்தாகாது. ஆதலின் அவர் கொள்கையை உரிய மதிப்போடு ஆராய்தல் எம் கடன் என்று கொண்டோம். அவ்வாராய்ச்சியின் பயனையே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

தட்டையான உலகிற் கல் ஏன் கீழே விழுகின்றது? இதற்கு அக்கொள்கையினர் கூறும் விடைகளுள் மூன்று கருதத்தக்கன.

கனத்த பொருள் தாழும், நொய்ய பொருள் மிதக்கும்; இதற்கு ஈர்ப்பு வேண்டா என்பது முதல் விடை. ஆயின் 'தாழ்தல்' என்பதற்கு ஒரு திசை வேண்டுமன்றோ? அடர்த்திக்குத் திசை இல்லை. எடையற்ற நிலையில் விண்கலத்தினுள் உள்ள நீரில் காற்றுக்குமிழி மேலெழுவதில்லை. மேல் கீழ் என்பதைத் தருவதே ஈர்ப்பு என்பது இதனால் விளங்கும்.

தட்டும் நியூட்டன் கூறியவாறே ஈர்க்கும் என்பது இரண்டாம் விடை. அவர்தம் படத்தில் வடமுனை தட்டின் நடுவில் உளது. நடுவினின்று விலகுந்தோறும் ஈர்ப்பு நேர்கீழாக இராது, நடுவை நோக்கிச் சாயும். அங்ஙனமாயின் தாம்பரத்தினின்று தெற்கே நடப்பார் மலையேறுவார் போல் இளைப்பர். நம் ஆறுகளெல்லாம் வடக்கு நோக்கியே ஓடும். காவிரியும் பொருநையும் அவ்வாறு ஓடக் கண்டோமில்லை.

மூன்றாம் விடையே வலியது. கல் விழுவதில்லை, பூமித் தட்டே விநாடிதோறும் விரைவு மிகுந்து மேலெழுந்து கல்லை எட்டுகின்றது என்பர். இதற்கு நேர்மாறான வழக்கொன்று நம் நாட்டில் முன்னரே நிகழ்ந்துளது. பூமி இடையறாது கீழே வீழ்ந்துகொண்டிருக்கின்றது என்ற பௌத்தர் கொள்கையை மறுத்த பாஸ்கராச்சாரியார், மேலே எறிந்த பொருள் மீண்டும் வந்து பூமியை அடைவதைக் கண்டும் அங்ஙனம் கூறலாமோ என்று 1150-இல் இயற்றிய சித்தாந்த சிரோமணியில் வினவினார். அன்று வீழ்ந்த பூமி இன்று எழுகின்றது போலும்!

எனினும் இதனை எளிதிற் புறக்கணித்தல் இயலாது. அடைத்த அறையினுள் இருப்பவன், அறை மேல்நோக்கி முடுக்கப்படுகின்றதா, பூமி தன்னை ஈர்க்கின்றதா என்று பகுத்தறிய இயலாது என்பதை 1907-இல் ஐன்ஸ்டீனே எடுத்துக்காட்டினார். அறைக்குள்ளேயே இருப்பின் எம் நண்பரை வெல்லுதல் அரிது. வெளியே வந்து பல இடங்களில் அளத்தல் வேண்டும்.

அளந்தார் கண்டது என்னை? பூமத்திய ரேகையில் வீழ்பொருளின் முடுக்கம் விநாடி ஒன்றுக்கு விநாடி 9.78 மீட்டர், முனைகளில் 9.83. ஒரு சுருள்வில் தராசு பூமத்திய ரேகையில் 1,000 கிராம் காட்டும் பொருளுக்கு முனையில் ஏறத்தாழ 1,005 கிராம் காட்டும். பூமி சுழல்வதாலும் அதன் இடை சிறிது பருத்திருப்பதாலும் இவ்வேற்றுமை உண்டாகின்றது. மேலெழும் தட்டோ நடுவில் ஒரு விரைவும் ஓரத்தில் ஒரு விரைவுமாக எழின் என்றோ பிளந்திருக்கும். இதற்கு, விண்மீன்களும் சிறிது ஈர்க்கும் என்று ஒட்டுப்போடுவர் சிலர். ஈர்ப்பே இல்லை எனத் தொடங்கியவர் ஈர்ப்பையே துணைக்கழைத்தல் வியப்பன்றோ?

எமக்கு மிகவும் உவப்பான சான்று எம் ஊர்க்கு அணித்தே தொடங்குகின்றது. பெருங்களத்தூரில் மின்தொடர் ஏறின் அரைமணியளவில் பரங்கிமலையை அடையலாம். அப்பகுதியிலேதான் 1802 ஏப்ரல் 10-ஆம் நாள் வில்லியம் லாம்டன் ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதனின்று வளர்ந்த நில அளவை, ஜார்ஜ் எவரெஸ்ட் காலத்தில் இமயத்தின் அடிவாரம் வரை சென்றது. ஆங்கு ஓர் இடர் தோன்றிற்று. வடக்கே கலியானா, தெற்கே கலியான்பூர் என்னும் ஈரிடங்களுக்கு இடைப்பட்ட அகலக்கோட்டு வேற்றுமை, நிலத்தை அளந்தபோது ஒன்றாகவும், தூக்குக்குண்டைக் கொண்டு விண்மீனை நோக்கியபோது மற்றொன்றாகவும் வந்தது. ஒரு பாகையை 3,600 கூறிட்டால், பிணக்கு அவற்றுள் ஐந்து கூறே.

கல்கத்தாவில் ஆர்ச்டீக்கனாக இருந்த ஜான் ஹென்றி பிராட் என்னும் குருவானவர் இதனை ஆராய்ந்தார். இமயமலை தூக்குக்குண்டைத் தன்பால் இழுத்தலே காரணம் எனக் கணித்தார். ஆயின் அவர் கணக்கின்படி பிணக்குப் பதினைந்து கூற்றுக்கும் மேற்படல் வேண்டும். கண்டதோ மூன்றில் ஒரு பங்கு! தம் கணக்கும் உலகும் ஒவ்வாமையை அவர் மறைத்தாரல்லர்; 1855-இல் வெளிப்படையாக எழுதினார். நீரில் மிதக்கும் மரக்கட்டைபோல மலைகட்கும் அடியில் நொய்ய பாறை ஆழ்ந்து கிடத்தலால் இழுப்புக் குறைந்தது என்று அவ்வாண்டே ஜார்ஜ் ஏரி விளக்கங் கூறினார். மேலெழும் தட்டு எப்பொருளையும் பக்கவாட்டில் இழுக்கமாட்டாது. மலை இழுக்கின்றது, ஆதலின் ஈர்ப்பு உண்டு.

ஈண்டு எம் கருத்தை வெளிப்படையாகக் கூறுதும். பிராட் பிழைத்த இடத்திலேதான் அறிவு வளர்ந்தது. தனக்கு மாறான அளவையும் எடுத்து முன்வைப்பதே அறிவின் இலக்கணம். மாறான அளவு வருந்தோறும் ஒட்டுப்போட்டு மறைப்பது பிடிவாதத்தின் இலக்கணம். ஆராயாது உருண்டை என்று ஒப்புவிக்கும் மாணவரும் இக்குற்றத்தினின்று நீங்கியவரல்லர். யாம் அன்று மெய்யைப் பற்றியிருந்தோம். ஆனால் அஃது எமக்கு உரியதாக இல்லை.

இனி, வேதாகமத்தைப் பற்றி ஒரு சொல். பூமியின் நான்கு மூலை என்பது நாற்றிசையைக் குறித்த வழக்கு. யோபு நூலோ பூமி ஒன்றுமில்லாமையின் மேல் தொங்குவதாகப் பாடுகின்றது. இதனைக் கொண்டு எம் நண்பரை வெல்ல யாம் கருதவில்லை. ஞாலம் என்னும் தமிழ்ச்சொல்லும் ஞாலுதல், அதாவது தொங்குதல், என்னும் பொருளடியாகப் பிறந்தது என்பர். அதனால் நம் முன்னோர் நியூட்டனை முந்தினர் என்று மார்தட்டுதலும் தகாது. செய்யுளை அளவுகோலாக்குவார் செய்யுளையும் இழப்பர், அளவையும் இழப்பர்.

எம் நண்பர் இன்னும் முற்றும் உடன்பட்டாரல்லர். ஆயினும் பிராட் ஒரு குருவானவர் என்று கேட்டபொழுது அவர் முகம் தெளிந்ததைக் கண்டோம். அன்று நகைத்தமைக்கு அவரிடம் பொறுத்தருள வேண்டினோம். வரும் சனிக்கிழமை நால்வரும் ஒருங்கே பரங்கிமலைக்குச் செல்ல இசைந்துள்ளோம். எம்மை விடை தேடச் செய்தவர் அவரே ஆதலின், அம்மலையில் முதலில் ஏறும் உரிமை அவர்க்கே உரித்து.