கொழுந்து பறிப்பவர் வாங்காத கடன்

இங்கிலாந்து வங்கியின் பெட்டகத்திலிருந்து 100 டன் தங்கத்தை நம் ரிசர்வ் வங்கி தாய்நாட்டுக்குக் கொண்டுவந்துவிட்டது என்று 2024-ல் பத்திரிகைகளில் வாசித்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை, நூல் வாங்கப் பணமில்லாமல் வீட்டு நகையை அடகுக் கடையில் வைத்துப் பாவு ஓட்டும் ஜலகண்டாபுரத்து நெசவாளர்கள் விளக்கமின்றியே அறிவார்கள். வளைகுடா யுத்தத்தால் எண்ணெய் விலை ஏறி, வெளிநாடுவாழ் இந்தியர்கள் தங்கள் வைப்புத்தொகைகளைத் திரும்ப எடுத்துக்கொள்ள, மூன்று வார இறக்குமதிக்கே அன்னியச் செலாவணி போதுமா என்ற அபாயம் நேர்ந்த 1991-ஆம் ஆண்டின் ஜூலையில், 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் ஈடு வைத்துச் சுமார் 40 கோடி டாலர் பெற்றோம். அவ்வாண்டு முடியுமுன்பே அதை மீட்டும் விட்டோம்.

தங்கத்தைப் பற்றியே எழுத உட்கார்ந்தேன். மனமோ, நம்மைப் போலவே டாலரின்றித் தவித்த இலங்கையின் மலையகத்துக்குப் போய்விட்டது. ஒரு தேசம் கடனில் மூழ்கும்போதெல்லாம் ஜனங்கள் வரவுக்கு மீறி வாழ்ந்தார்கள் என்று எழுதிவிடுகிறவர்கள் மீது எனக்கு நெடுநாளாகவே மனத்தாங்கல் உண்டு. நம் சேலம் ஜில்லாவிலிருந்தும் திருச்சி, மதுரைப் பக்கங்களிலிருந்தும் கங்காணிகள் அழைத்துச் சென்ற ஏழைகளின் சந்ததியார், அந்நாட்டுக்கு டாலர் ஈட்டித்தரும் தேயிலையைத் தலைமுறை தலைமுறையாகப் பறித்து வருகிறவர்கள். அவர்கள் எந்தக் கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டார்கள்?

2007 முதல் சர்வதேசச் சந்தையில் பத்திரங்கள் விற்று டாலர் கடன் வாங்கியது கொழும்பு. 2019 இறுதியில் பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8-ஆகக் குறைத்து, தன் வருமானத்தைத் தானே அரிந்துகொண்டதும் கொழும்பு. பெருந்தொற்றில் சுற்றுலா முடங்கி, புதிய கடனுக்குச் சந்தை கதவடைத்துவிட்ட வேளையில், 2021-ல் ரசாயன உரத்தின் இறக்குமதியைத் தடை செய்து, தேயிலைச் செடியின் விளைச்சலிலேயே கைவைத்தார்கள். எஞ்சியிருந்த டாலரில் 50 கோடியை 2022 ஜனவரியில் பத்திரக்காரர்களுக்குத் தவறாமல் கொடுத்தவர்கள், மூன்று மாதங்களுக்குள், ஏப்ரல் 12-ஆம் தேதி, இனி அயல்நாட்டுக் கடனைச் செலுத்த இயலாது என்று அறிவித்தார்கள்.

அதற்கு முந்திய ஆண்டில்தான், வெகுகாலப் போராட்டத்துக்குப் பிறகு, தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,000 இலங்கை ரூபாயாக நிர்ணயமாகியிருந்தது. அன்று ஏறத்தாழ ஐந்து டாலர் பெற்ற அக்கூலி, டாலர் 360 ரூபாயைத் தொட்டபோது மூன்று டாலருக்கும் குறைந்துபோயிற்று. பணவீக்கமோ 2022 செப்டம்பரில் 70 சதவீதத்தை நெருங்கியது. தோட்டக் குடியிருப்பான லயத்து அடுப்பில் ரொட்டிக்கு மாவு குறைந்ததற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இவ்வளவும் போதாதென்று, 2023 ஜூலை முதல் தேதி பாராளுமன்றம் அங்கீகரித்த உள்நாட்டுக் கடன் சீரமைப்பில், வங்கிகள் வைத்திருந்த பத்திரங்களை விலக்கிவிட்டு, உழைப்பாளர்கள் முதுமைக்கென்று சேர்த்த ஊழியர் சேமலாப நிதியின் பத்திரங்களைக் குறைந்த வட்டிக்கு மாற்றிக்கொள்ளச் செய்தார்கள். மாற்ற மறுத்தால் அந்நிதியின் மீதான 14 சதவீத வரி 30 ஆகும் என்று நிபந்தனையும் விதித்தார்கள். அந்த நிதிக்கு நேர்ந்த வட்டி நஷ்டத்தைக் கொழும்பு சர்க்கார் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.