பள்ளி நூலகமும் வயதுக் கணக்கும்

ஆரல்வாய்மொழியில் உள்ள ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு அதன் பழைய மாணவர்கள் சேர்ந்து நூலகத்துக்கென்று ஒரு தொகை திரட்டிக் கொடுத்தனர். பெரிய தொகை அன்று. நூற்றைம்பது நூல்கள் வாங்கலாம். எவற்றை வாங்குவது என்று பட்டியலிடும் பணி, கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறோம் என்ற ஒரே தகுதியின் பேரில் நம்மிடம் வந்து சேர்ந்தது. நூல் விற்பனையாளர் ஒருவர் முன்னரே கொடுத்திருந்த பட்டியலையும் பார்க்கத் தந்தனர். அதில் தெனாலிராமன் கதைகள் நான்கு பதிப்பகங்களின் பெயரில் நான்கு முறை இடம்பெற்றிருந்தன. திருக்குறள் உரைகள் ஒன்பது. எஞ்சியவை தலைவர் வரலாறுகளும் பொது அறிவு வினா விடைகளும். அதை ஒதுக்கிவிட்டு நாம் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தோம். மூன்று வாரம் கழித்து அது திரும்பி வந்தபோது பதினேழு நூல்கள் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தன. ஓரத்தில் ஒரே குறிப்பு: வயதுக்குப் பொருந்தாதவை.

அடிபட்டவற்றுள் சிலவற்றைச் சொல்கிறோம். இரா. நடராசனின் 'ஆயிஷா'. ஜெயமோகனின் 'யானை டாக்டர்'. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்'. தோள்சீலைப் போராட்டம் பற்றிய ஒரு சிறு வரலாற்று நூல். செந்த்-எக்சுபெரியின் 'குட்டி இளவரசன்'. கடைசி நூலுக்கு எதிரே மட்டும் குறிப்பு மாறியிருந்தது: சின்னப் பிள்ளைகளுக்கு உரியது, உயர்நிலைப் பள்ளிக்குத் தேவையில்லை. 1943இல் வெளிவந்த அந்நூலைத் தம் நண்பராகிய ஒரு பெரியவருக்குக் காணிக்கையாக்கியதற்காக ஆசிரியர் முதற்பக்கத்திலேயே குழந்தைகளிடம் மன்னிப்புக் கேட்டிருப்பார். எவ்வயதினருக்கு உரியது என்று தன் ஆசிரியனையே திணற வைத்த நூலை, அட்டைப்படத்தைப் பார்த்த மாத்திரத்தில் நம் குழுவினர் தீர்த்துவைத்துவிட்டனர்.

கேலி செய்வது நம் நோக்கமன்று. குழுவில் இருந்தவர்கள் நல்லவர்கள். பிள்ளைகள்மேல் அக்கறை கொண்டவர்கள். அவர்களுள் மூத்தவர் ஒருவர், 'யானை டாக்டர்' நூலைப் புரட்டிவிட்டு, "செத்த யானையும் புழுவும்... பிள்ளைகள் கையில் கொடுக்கிற புத்தகமா சார் இது?" என்று கேட்டார். அண்ணாச்சியின் கேள்வியில் கள்ளமில்லை. ஆனால் அதே அண்ணாச்சியை, முப்பந்தல் இசக்கியம்மன் கதை வில்லில் பாடப்பட்ட ஒரு கொடை இரவில், மடியில் பேரப்பிள்ளையோடு நாம் பார்த்திருக்கிறோம். நகைக்காகக் கொல்லப்படும் பெண், மறுபிறப்பில் கள்ளிக்கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் ஏந்திவந்து கொன்றவனின் உயிரை வாங்கும் கதை அது. நள்ளிரவுக்கு மேல் குடமும் உடுக்கையும் உச்சத்தில் ஒலிக்க, அந்தப் பிள்ளை கண் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தது. எவரும் அதன் காதைப் பொத்தவில்லை. பொத்தியிருக்கவும் வேண்டாம். தாத்தாவின் மடி இருந்தது, சுற்றிலும் ஊர் இருந்தது, கதை முடிந்ததும் பொங்கல் இருந்தது.

ஆகவே கொலையும் சாவும் வயதுக்கு மீறியவை என்ற எண்ணம் நம் மரபிலிருந்து வந்ததன்று. அச்சிட்ட தாளைக் கண்டால் மட்டும் நமக்கு அந்த அச்சம் எழுகிறது. மடியில் இருந்து கேட்கும் பிள்ளை தனித்தில்லை. நூலைக் கொண்டு மூலையில் அமரும் பிள்ளை தனித்திருக்கிறது. பெரியவர்கள் அஞ்சுவது இந்தத் தனிமைக்கே என்று நமக்குத் தோன்றுகிறது. அந்த அச்சத்தில் ஓரளவு நியாயமும் உண்டு.

'ஆயிஷா'வை எடுத்துக்கொள்வோம். கேள்வி கேட்டதற்காக அடிபடும் ஒரு பள்ளிச் சிறுமி, அடி வலிக்காமலிருக்க மருந்து தேடித் தன்மேலேயே சோதித்துப் பார்த்து இறந்துபோகிறாள். ஆசிரியர்கள் படிக்க வேண்டிய கதை என்பதில் ஐயமில்லை. ஆனால் பதின்மூன்று வயதுப் பெண் அதைத் தனியே படித்துவிட்டு மூடிவைப்பது வேறு, வகுப்பில் படித்துப் பேசுவது வேறு. நாம் பட்டியலில் எழுதியபோது இதை எண்ணிப் பார்க்கவில்லை. சிவப்பு மை பட்ட பிறகே எண்ணினோம். அந்நூலை நீக்க இப்போதும் நாம் உடன்பட மாட்டோம். ஒன்பதாம் வகுப்பில் ஆசிரியை ஒருவர் உரக்கப் படித்துக் காட்டிய பின் அலமாரியில் வைக்கலாம் என்று திருத்தி எழுதினோம். இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நண்பர் ஒருவரின் சொல்லை நம்பி, நாம் படிக்காமலே சேர்த்திருந்த துப்பறியும் நூல் ஒன்று அந்தப் பதினேழில் இருந்தது. பிறகு வாங்கிப் படித்தோம். பெண்ணைத் துன்புறுத்துவதைச் சுவைத்துச் சுவைத்து எழுதிய நூல். அதில் குழு சொன்னதே சரி. தான் படிக்காத நூலைப் பள்ளிக்குப் பரிந்துரைப்பவன், தான் சுவைத்துப் பாராத கறியைப் பந்தியில் பரிமாறுபவனே.

தோள்சீலை நூலின் கதை வேறு. இம்மண்ணில் நடந்த வரலாறு அது. தென்திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராடினர். சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியனின் அழுத்தத்துக்குப் பின் 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜா பிரகடனம் வெளியிட்டார். மேலாடை அணியலாம், ஆயினும் மேல்சாதிப் பெண்கள் அணிவதைப் போல அணியலாகாது என்பதே அதன் சாரம். இந்தப் போராட்டத்தைச் சொன்ன ஒரு பகுதி என்.சி.இ.ஆர்.டி.யின் ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் பாடநூலில், ஆடையின் சமூக வரலாறு பற்றிய இயலில் இருந்தது. அதில் நாடார் சமூகத்தைக் குறித்திருந்த விதம் இழிவுபடுத்துவதாகவும் பிழையாகவும் உள்ளது என்று எதிர்ப்பு எழுந்தது; வழக்கும் நடந்தது. 2016 டிசம்பரில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் அப்பகுதியை விலக்கி, 2017 தேர்வில் அதிலிருந்து வினா வராது என்று சுற்றறிக்கை விட்டது. 2019இல் பாடச்சுமையைக் குறைப்பதாகக் கூறி அந்த இயல் முழுவதுமே நீக்கப்பட்டது.

அந்த எதிர்ப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. தன் முன்னோரைப் பற்றிய தவறான சொற்றொடரைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்ய எந்தப் பிள்ளையையும் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆனால் தவறான சொற்றொடருக்கு மருந்து சரியான சொற்றொடர்; வெற்றுப் பக்கம் மருந்தாகாது. பாடநூல் கைவிட்ட இடத்தில்தான் பள்ளி நூலகம் கைகொடுக்க வேண்டும். நம் பட்டியலில் இருந்த நூல் அச்சமூகத்துப் பெண்களின் துணிவை மதிப்போடு சொல்வது. அதற்கும் வயதுக்குப் பொருந்தாது என்றே எழுதியிருந்தார்கள். யாருடைய வயதுக்கு? அப்போராட்டத்தில் தெருவில் இழுக்கப்பட்டவர்களுள் இப்பிள்ளைகளின் வயதினர் இல்லாமலா இருந்திருப்பார்கள்? இங்கே வயது என்ற சொல்லின் பின்னால் இருப்பது பிள்ளையின் வயதன்று. சாதியைப் பற்றி வகுப்பறையில் ஒரு கேள்வி எழுந்தால் யார் பதில் சொல்வது என்ற பெரியவர்களின் தயக்கம்.

கவிமணிக்கு நேர்ந்ததோ வேடிக்கை. 1876இல் தேரூரில் பிறந்தவர். இங்கிருந்து சில கல் தொலைவு. அவருடைய குழந்தைப் பாடல்களுக்கு எந்தத் தடையும் இல்லை. ஆறு படிகள் வாங்க இசைந்தனர். மான்மியம் மட்டும் வேண்டாம். சொத்து மருமகனுக்குப் போக, கணவனை இழந்த மனைவியும் மக்களும் தெருவில் நிற்க நேர்ந்த முறையை, ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி வாயிலாக நகையாடியும் அழுதும் சொல்லும் நூல் அது. 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து மாற்றிய வழக்கத்தைக் குறித்தது. பத்தாம் வகுப்பு மாணவர் அதைப் படித்தால் சிரிப்பார்கள். பிறகு வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் கேள்வி கேட்பார்கள். கிழவராகிவிட்ட கவிஞரைக் குழந்தைக் கவிஞராக மட்டும் நிறுத்திவைப்பதும் ஒருவகைத் தணிக்கையே. தோவாளை வட்டத்திலேயே, அழகியபாண்டியபுரத்தில் பிறந்த கிருஷ்ணன் நம்பி 'சசிதேவன்' என்ற பெயரில் 'கண்ணன்' இதழில் குழந்தைப் பாடல்கள் எழுதியவர். அவர் பெயரைக் குழுவில் எவரும் கேள்விப்பட்டதில்லை. அதனால் அடிக்கவும் இல்லை. சில வேளைகளில் அறியாமையும் நன்மை செய்கிறது.

இனி, வயதுக்கேற்ற நூல் என்ற சொல்லுக்கு உண்மையாகவே பொருள் இருக்கும் இடத்துக்கு வருகிறோம். பட்டியலோடு ஒரு நாள் அப்பள்ளிக்குச் சென்று ஏழாம் வகுப்பில் அமர்ந்தோம். ஒரு பையன், காற்றாலைகளின் எண்ணிக்கையை மனத்தில் வைத்திருப்பவன், எந்தக் காற்றாலை எப்போது நிறுத்தப்பட்டது என்று சொல்லக்கூடியவன். அவனிடம் ஒரு பத்தியைக் கொடுத்தபோது எழுத்துக் கூட்டினான். அவனுக்கு எந்த நூலைக் கொடுப்பது? அவன் படிக்கக்கூடிய நூலில் நாய்க்குட்டியும் பந்தும் இருக்கும். அவற்றைக் கையில் வைத்திருந்தால் மற்ற பையன்கள் சிரிப்பார்கள். அவன் மனம் தேடும் நூலிலோ வாக்கியம் நான்கு வரி ஓடும். மனத்தின் வயது பன்னிரண்டு, வாசிப்பின் வயது ஆறு. வகுப்பைக் கொண்டு நூலைப் பிரிக்கும் எந்தப் பட்டியலிலும் இப்பிள்ளைக்கு இடமில்லை.

தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் இதை உணர்ந்திருக்கிறது. அதன் சிறுநூல்கள் வகுப்பு வாரியாக அல்லாமல் நுழை, நட, ஓடு, பற என்று வாசிக்கும் திறன் நோக்கிப் பிரிக்கப்பட்டவை. நுழை என்ற படியில் நிற்பதில் அவமானமில்லை. ஏழாம் வகுப்பிலும் நுழையலாம். அந்த நூல்களைப் பட்டியலின் தலையில் சேர்த்தோம். இருந்தாலும் பெரிய பிள்ளைகளின் உலகத்தைச் சின்னச் சொற்களில் சொல்லும் நூல்கள் தமிழில் இன்னும் போதாது. எழுத்தாளர்கள் குழந்தைகளுக்காகக் குனிந்து எழுதுகிறார்கள், அல்லது எழுதாமலே இருந்துவிடுகிறார்கள். 'தினமணி' சிறுவர்மணியில் தொடராக வந்த ஜெயமோகனின் 'பனிமனிதன்' போன்ற விதிவிலக்குகள் உண்டு. விதிவிலக்கை நம்பி ஓர் அலமாரியை நிரப்ப முடியாது.

குழுவினர் நம்மிடம் கடைசியாகச் சொன்ன வாதம், "அடுத்த ஆண்டு வளர்ந்த பிறகு படிக்கட்டுமே சார்" என்பது. நியாயமாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் இப்பள்ளியில் அடுத்த ஆண்டு என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் உறுதியானதன்று. செங்கல் சூளை வேலைக்குப் போகும் வீடுகளிலிருந்தும், விடியும் முன் தோவாளைச் சந்தைக்குப் பூக் கட்டிக் கொடுக்கும் வீடுகளிலிருந்தும் வருகிறவர்கள் பலர். பத்தாம் வகுப்போடு நின்றுவிடும் பெண்ணுக்கு இந்தப் பீரோதான் முதலும் கடைசியுமான நூலகம். பதினைந்து வயதில் நாம் கொடுக்க மறுத்த நூலை அவள் இருபதில் எங்கே போய்த் தேடுவாள்? வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு நம் தடை ஓராண்டுத் தாமதம். அவளுக்கு அது வாழ்நாள் தடை. இதைச் சொன்னபோது அறையில் சிறிது நேரம் பேச்சில்லை. தலைமையாசிரியர்தான் பேனாவை எடுத்தார்.

பதினேழில் பதினொன்று மீண்டும் பட்டியலில் ஏறின. 'குட்டி இளவரசன்' ஏறிற்று. 'யானை டாக்டர்' ஏறிற்று, அண்ணாச்சியே ஒரு படி வீட்டுக்கு எடுத்துப் போனார். 'ஆயிஷா' நாம் சொன்ன நிபந்தனையோடு ஏறிற்று. துப்பறியும் நூலை நாமே விலக்கிக்கொண்டோம். தோள்சீலை நூலும் மான்மியமும் இன்னும் மூன்றும் நிலுவையில் உள்ளன. குழு ஜூன் மாதம் மறுபடி கூடுகிறது. மான்மியத்தைக் கையில் கொண்டுபோய் நான்கு பக்கம் உரக்கப் படித்துக் காட்டுவதாக இருக்கிறோம். பீரோவின் சாவியை அலுவலக மேசையிலிருந்து எடுத்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கும்படியும் கேட்கவிருக்கிறோம்.