நோயாளியின் தவக்காலம்

திருநீற்றுப் புதனன்று காலையில் எங்கள் சிறுநீரக மருத்துவப் பிரிவுக்கு வருவோரில் பலருடைய நெற்றியில் சாம்பல் சிலுவை இருக்கும். அதிகாலைத் திருப்பலியை முடித்துக்கொண்டு நேராக இங்கே வந்திருப்பார்கள். அவர்களுடைய இரத்த அழுத்தத்தைப் பார்த்து, மாத்திரைச் சீட்டைப் புரட்டிவிட்டு, அன்று நாங்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "காலையில் சாப்பிட்டீர்களா?" பல ஆண்டுகளாக அந்தக் கேள்வியைச் சரியான முறையில் கேட்கத் தெரியாதவர்களாகவே இருந்தோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள விரும்புகிறோம்.

அதை எங்களுக்கு உணர்த்தியவர் ஓர் அம்மையார். வயது 64. இருபது ஆண்டுகளுக்கு மேலாக நீரிழிவு. அதன் விளைவாகச் சிறுநீரகம் செயலிழந்து, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார். தவக்காலத்தின் வெள்ளிக்கிழமை ஒன்றில், தம் பங்கு ஆலயத்தில் சிலுவைப் பாதை நடந்துகொண்டிருக்கையில் மயங்கி விழுந்தார். மகன் தூக்கிக்கொண்டு வந்தபோது இரத்தச் சர்க்கரை 38. காலை உணவைத் தவிர்த்துவிட்டு, இன்சுலினை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொண்டிருந்தார். தெளிந்து எழுந்ததும் நாங்கள் கடிந்துகொண்டோம். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எல்லாரும் ஆண்டவருக்கு ஏதாவது ஒப்புக்கொடுக்கிறாங்க, டாக்டர். நான் மட்டும் வெறுங்கையோட உயிர்ப்புத் திருவிழாவுக்கு எப்படிப் போறது?"

எங்களிடம் பதில் இருக்கவில்லை. "நோன்பு கூடாது" என்று முன்னரே சொல்லியிருந்தோம், அவரும் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பைச் சம்மதம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். உண்மையில் அவர் எங்களிடமிருந்து ஒன்றை மறைக்கத் தொடங்கியது அந்த நொடியில்தான். மனிதர் மதிப்போடு வைத்திருக்கும் ஒன்றைப் பறித்துவிட்டு, அந்த இடத்தில் எதையும் வைக்காமல் விட்டது எங்கள் பிழை. நோயாளிகளும் தவக்காலம் முழுவதையும் கடைப்பிடிக்க முடியும், கடைப்பிடிக்கவும் வேண்டும். ஆனால் அதன் வடிவம் வேறு என்பதே எங்கள் கருத்து. அந்த வடிவத்தைக் கண்டடைய நோயாளி, குடும்பத்தார், மருத்துவர், அருள்பணியாளர் ஆகிய நால்வரும் சேர்ந்து பேச வேண்டும்.

முதலில், திருச்சபை உண்மையில் எதைக் கேட்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின்படி ஒருசந்தி கட்டாயமான நாள்கள் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் ஆகிய இரண்டே. அதுவும் 18 வயது நிறைந்தோருக்கு. 60ஆம் வயது தொடங்கியதும் அக்கடமை நீங்கிவிடுகிறது. சுத்தபோசனம் 14 வயது நிறைந்தோருக்கு உரியது. இந்த வயது வரம்புக்குள் இருப்பவரும் நோயுற்றிருந்தால் நோன்புக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். அந்த அம்மையாரின் வயதை மீண்டும் பாருங்கள். நோயைக் கணக்கில் எடுக்காவிட்டாலும், அவரிடம் எவரும் கேட்காத ஒன்றுக்காகவே அவர் உயிரைப் பணயம் வைத்தார். லெந்து காலத்தை அனுசரிக்கும் தென்னிந்தியத் திருச்சபை முதலிய சபைகளில் உபவாசம் பெரும்பாலும் அவரவர் மனத்தீர்மானம். அங்கும் நோயாளியைப் பட்டினி கிடக்கச் சொல்லும் போதகரை நாங்கள் கண்டதில்லை. கட்டாயம் பெரும்பாலும் நம் உள்ளத்திலிருந்தும், சில வேளைகளில் பக்கத்து வீட்டாரின் பார்வையிலிருந்துமே வருகிறது.

மருத்துவக் காரணத்தையும் சொல்லிவிடுகிறோம். உடலில் உள்ள இன்சுலினில் ஒரு பகுதியைச் சிதைத்து நீக்குவது சிறுநீரகம். அது தளர்ந்தால் இன்சுலின் உடலில் நெடுநேரம் தங்கும். சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளும் அப்படியே. ஆகவே சிறுநீரக நோயாளி ஒரு வேளை உணவைத் தவிர்த்தால், மற்ற நீரிழிவு நோயாளிகளைவிட எளிதில் சர்க்கரை தாழும். ஒருமுறை ஏற்றிவிட்ட பின்னும் மீண்டும் தாழக்கூடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சில் தடுமாற்றம் ஆகியவை அதன் அறிகுறிகள். சர்க்கரை 70க்குக் கீழ் இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைச் சிறிதளவு நீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். "நோன்புதானே, இளநீரும் வாழைப்பழமும் போதும்" என்று இருப்பதும் ஆபத்தே. அவற்றில் உள்ள பொட்டாசியம் சிறுநீரகம் செயலிழந்தவரின் இதயத் துடிப்பையே நிறுத்திவிடக் கூடும்.

அப்படியானால் ஒப்புக்கொடுக்க என்ன இருக்கிறது? தவக்காலத்தின் தூண்கள் மூன்று: இறைவேண்டல், நோன்பு, ஈகை. நோயாளிக்கு விலக்களிக்கப்பட்டது பட்டினி என்ற ஒன்றே. மற்றவை அப்படியே இருக்கின்றன. நோன்பிலும்கூட நோயாளிக்கே உரிய பகுதிகள் உண்டு.

உப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பு, அதாவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி, நலமான பெரியவருக்கே போதும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. வெள்ளிக்கிழமை இறைச்சியை விலக்கிய நம் வீடுகளில் அந்த இடத்தைப் பல நேரம் கருவாடு பிடித்துக்கொள்கிறது. கூடவே அப்பளமும் ஊறுகாயும். சட்டம் காக்கப்பட்டது; உடல் வீங்கியது. இறைச்சியைவிட ஊறுகாயை விடுவது எவ்வளவு கடினம் என்பதை எங்கள் நோயாளிகளைக் கேட்டால் சொல்வார்கள். நாற்பது நாள்கள் அதை விட்டவருடைய நோன்பு எவருடைய நோன்புக்கும் குறைந்ததன்று. அதில் மிஞ்சும் காசைத் தவக்கால உண்டியலில் இட்டால் நோன்பும் ஈகையும் ஒன்றாகிவிடும்.

அடுத்தது தாகம். டயாலிசிஸ் செய்துகொள்வோர் பலருக்கு, குடிநீர், காப்பி, குழம்பு, மோர் எல்லாம் சேர்த்து ஒரு நாள் முழுவதற்கும் ஒரு லிட்டருக்குள்ளேயே அளவு வகுக்கப்பட்டிருக்கும். தவக்காலம் வருவதோ மாசி பங்குனி வெயிலில். சிலுவையில் தொங்கியவர் தம் இறுதி வேளையில் தாகத்தைச் சொன்னார் என்பதை யோவான் நற்செய்தி பதிவு செய்திருக்கிறது. பெரிய வெள்ளியன்று அந்த ஐந்தாம் திருமொழியைப் பற்றிய மறையுரையைக் கேட்போரில், அதன் பொருளை நாவால் அறிந்தவர்கள் இந்த நோயாளிகள். அளவுக்கு மேல் ஒரு மிடறும் குடிக்காமல் இரவைக் கடத்துபவர், தாம் எதையும் ஒப்புக்கொடுக்கவில்லை என்று எண்ண வேண்டியதில்லை. ஆலயத்தில் தரும் கஞ்சியும் அந்த நீர்க்கணக்கில் சேரும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். உப்பில்லாமல், அளவாக அருந்துங்கள்.

புனித வாரத்தில் எங்களைக் கவலைகொள்ள வைப்பது ஒன்று உண்டு. பெரிய வெள்ளி ஆராதனைக்காக அன்றைய டயாலிசிஸை விட்டுவிட்டு, "திங்கட்கிழமை சேர்த்துச் செய்துகொள்கிறேன்" என்பார்கள். இரண்டு சிகிச்சைகளுக்கு இடையே நாள்கள் நீள நீள, நுரையீரலில் நீர் கோப்பதும் பொட்டாசியம் ஏறுவதும் மிகுதியாகும். விட்டதைச் சேர்த்துச் செய்ய முடியாது. பெரிய வெள்ளி உங்கள் முறை நாளாக இருந்தால் ஒரு வாரம் முன்னரே சொல்லுங்கள். காலை முறைக்கு மாற்ற முடியுமா என்று பார்ப்போம். முடியாவிட்டால், அந்த நான்கு மணி நேரப் படுக்கையே உங்கள் சிலுவைப் பாதையாகட்டும். பதினான்கு நிலைகளையும் மனத்தில் நடப்பதற்கு அது தாராளமான நேரம்.

நேர்ச்சையாக வெறுங்காலுடன் வேளாங்கண்ணிக்கு நடப்போருக்கும் ஒரு சொல். வேலூரில் தொழுநோயாளரிடையே பணியாற்றிய டாக்டர் பால் பிராண்டு, அவர்களுடைய கைகால்களைச் சிதைப்பது பெரும்பாலும் வலி உணர்வின் இழப்பே என்று உணர்த்தினார். நெடுநாள் நீரிழிவிலும் பாதங்கள் அவ்வாறே மரத்துப்போகின்றன. தார்ச்சாலையின் சூடு தெரியாது. கொப்புளம் புண்ணான பின்பே கண்ணில் படும். காலை இழந்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். நேர்ச்சையை மாற்றிக் கொடுக்கும் வழியைப் பங்குத்தந்தையிடம் கேளுங்கள்.

பாதத்தைப் பற்றிப் பேசும்போது பெரிய வியாழன் நினைவுக்கு வருகிறது. அன்று ஆலயத்தில் பாதம் கழுவும் சடங்கு நடக்கும். அதே மாலையில் வீட்டிலும் ஒருவர் நோயாளியின் பாதங்களைக் கழுவலாமே? நீரின் சூட்டைக் கழுவுபவர் தம் முழங்கையால் பார்க்க வேண்டும். விரலிடுக்குகளைத் துடைத்து உலர்த்தி, வெடிப்போ புண்ணோ நிறமாற்றமோ உண்டா என்று விளக்கடியில் பாருங்கள். வழிபாடும் பாதப் பரிசோதனையும் ஒரே செயலாகும் அரிய மாலை அது.

இன்னொன்றையும் தயங்காமல் சொல்ல வேண்டும். அவசரப் பிரிவில் "சாமியாரைக் கூப்பிடாதீர்கள், அப்பா பயந்துவிடுவார்" என்று பிள்ளைகள் எங்களிடம் இரகசியமாகச் சொல்வதுண்டு. அவஸ்தைப் பூசுதல் என்ற பழைய பெயர் விட்டுச்சென்ற அச்சம் இது. இறக்கும் தறுவாயில் இருப்போருக்கு மட்டும் உரியதன்று இந்த அருளடையாளம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இலேயே தெளிவுபடுத்தியது. இன்று அதன் பெயரே நோயில் பூசுதல். அதற்கான எண்ணெயை ஆயர் புனித வாரத்தையொட்டிய திருப்பலியில் மந்திரிக்கிறார். பெரிய அறுவைச் சிகிச்சைக்கு முன்னரே அதைப் பெற்றுக்கொள்ளலாம். கேட்பதற்கு நோயாளி காத்திருக்கிறார், சொல்வதற்குக் குடும்பம் அஞ்சுகிறது. இடையே காலம் கடந்துவிடுகிறது. இது எங்களை மிகவும் வருத்தும் மௌனம்.

இறுதியாக, நோயாளியின் அருகே நாற்காலியில் உறங்கும் உங்களிடம் வருகிறோம். நற்கருணை பெறுவதற்கு முன் ஒரு மணி நேரம் உண்ணாதிருக்க வேண்டும் என்ற விதியிலிருந்து முதியோருக்கும் நோயாளருக்கும் மட்டுமன்றி, அவர்களைப் பராமரிப்போருக்கும் திருச்சபைச் சட்டம் விலக்கு அளிக்கிறது. உங்கள் நாள் உங்கள் கையில் இல்லை என்பதைச் சட்டமே அறிந்திருக்கிறது. நோயாளிக்கு ஊட்டிவிட்டுத் தாம் பட்டினி கிடந்து, மூன்றாம் நாள் மயங்கி விழுந்த மனைவியரை நாங்கள் பார்த்திருக்கிறோம். உங்கள் தவம் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. சாப்பிடுங்கள், உறங்குங்கள், ஓர் இரவையாவது தம்பியோ நாத்தனாரோ பார்த்துக்கொள்ள விடுங்கள். சிலுவைப் பாதையின் ஐந்தாம் நிலையில் சீரேனே ஊர்ச் சீமோன் வருகிறார். இயேசுவே சுமையில் பங்குபெற இன்னொருவரை ஏற்றுக்கொண்டார் என்பதை மறவாதீர்கள்.

இது கிறிஸ்தவருக்கு மட்டும் உரிய பேச்சன்று. தவக்காலமும் ரமலானும் அடுத்தடுத்து வரும் ஆண்டுகளில் எங்கள் வரிசையில் இரு சமயத்தாரும் ஒருங்கே அமர்ந்திருப்பார்கள். இஸ்லாமும் நோயாளிக்கு நோன்பில் சலுகை அளித்திருக்கிறது. எந்தச் சமயத்தவராயினும், தொடங்குவதற்கு முன் எங்களிடம் சொல்லுங்கள். நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம். சேர்ந்து வழி தேடுவோம்.

அந்த அம்மையார் அடுத்த தவக்காலத்தில் திருநீற்றுப் புதனன்றே வந்தார். காலை எட்டு மணிக்கு இட்லி சாப்பிட்டுவிட்டதாக, நாங்கள் கேட்காமலேயே சொன்னார். நாற்பது நாளும் ஊறுகாய் இல்லை, நீரளவு தவறவில்லை, ஒரு டயாலிசிஸையும் விடவில்லை. உயிர்ப்பு ஞாயிறுக்கு மறுநாள் சிகிச்சைக்கு வந்தவர், ஃபிஸ்டுலாவின் தழும்பேறிய கையை நீட்டிக்கொண்டே, "இந்தத் தடவை வெறுங்கையோட போகல, டாக்டர்" என்றார்.

உயிர்ப்பின் செய்தியை முதலில் கேட்டவர்கள், ஓர் உடலுக்குச் செய்ய வேண்டிய பணிக்காக நறுமணப் பொருள்களோடு விடியலில் புறப்பட்ட பெண்கள். உயிர்த்தவர் காயத் தழும்புகளோடுதான் தோன்றினார். சீடரிடம் உண்ண ஏதேனும் உண்டா என்று கேட்டார். அவர்கள் கொடுத்த மீன் துண்டை அவர்கள் முன்னிலையில் உண்டார். பராமரிப்பும் தழும்பும் உணவும் அந்த விழாவுக்குள்ளேயே இருக்கின்றன. ஆகவே, காலை உணவை வேளையோடு உண்டு, மாத்திரையை விழுங்கிவிட்டு, உங்கள் தவக்காலத்தைத் தொடங்குங்கள்.