வேலிக்கு முன்னே ஆராய்ச்சி

ஆரணியிலே தறியோசை கேட்டு வளர்ந்தவன் யான். பாவில் இழையொன்று அறுமாயின் நெய்வோர் உடனே முடிச்சிடார். அவ்விழை அச்சில் எவ்விடத்ததெனத் தேடிக் கண்ட பின்னரே முடிச்சிடுவர். காட்டையும் ஏரியையும் காக்கப் புகுவோர்க்கும் இவ்வொழுங்கு வேண்டும் என்பதே ஈண்டு யான் கூற விழைவது. வேலியிட்டுக் காவலரை நிறுத்திவிட்டால் இயற்கை தானே தழைக்கும் என நம்முட் பலர் கருதுகின்றனர். வேலியை எங்கே இடுவது, எதனை உள்ளே விடுவது, எதனைப் புறத்தே நிறுத்துவது என்பனவற்றை ஆராய்ச்சியன்றி வேறு யார் உரைப்பார்?

இராசபுதனத்துப் பரத்பூர் நீர்நிலையின் வரலாற்றை நோக்குமின். ஆங்கு ஊரார் எருமைகள் நெடுங்காலமாக மேய்ந்துவந்தன. மேய்ச்சல் பறவைகட்குக் கேடு எனக் கருதி 1982 ஆம் ஆண்டில் அதனைத் தடுத்தனர். கலகம் மூண்டது, துப்பாக்கிச் சூட்டில் ஊரார் சிலர் மாண்டனர். பறவைநூல் வல்லாருள்ளும் அத்தடையை விரும்பியோர் இருந்தனர் என்பதை மறைத்தலாகாது. ஆயின், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் 1980 முதற் பத்தாண்டுகள் அங்கே தங்கி நடத்திய ஆராய்ச்சியில் வெளிப்பட்டது வேறு. எருமைகள் தின்று குறைத்துவந்த நீர்ப்புல் தடையின்றிப் பெருகித் திறந்த நீர்ப்பரப்பை மூடிற்று; மீனும் பறவையும் இடர்ப்பட்டன. பகையென நினைத்த எருமையே நீர்நிலைக்குத் துணையாயிருந்தது! தம் பக்கத்தார் கொண்டிருந்த கருத்தையே பிழையெனக் காட்டும் நேர்மை அவ்வாராய்ச்சிக்கு இருந்தது. அது முன்னரே முடிந்திருப்பின் அவ்வுயிர்கள் போயிரா என எண்ணுந்தோறும் என் நெஞ்சு வருந்தும்.

நம் நாட்டு வேடந்தாங்கலிலோ கதை வேறு. ஏரியில் விழும் பறவை எச்சத்தால் நீர் உரமேறுகின்றது, அந்நீர் பாயும் வயல் நன்கு விளைகின்றது என்று உழவர் தாமே கண்டறிந்தனர். கருவிகள் இல்லையேனும் அஃதும் ஆராய்ச்சியே. பறவைகளைக் காக்கும் அவர்தம் உரிமையை ஏற்று, 1798 ஆம் ஆண்டில் செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் கவுல் அளித்தார். ஏரியோ ஏறக்குறைய 74 ஏக்கரே. ஆயினும் 1998 ஆம் ஆண்டில் அதனைச் சூழ்ந்த 5 கிலோமீட்டர் ஆரையுள்ள நிலம் முழுவதும் சரணாலயமாயிற்று. ஏன்? கூடு ஏரியிலுள்ள மரத்தில். குஞ்சுக்கு இரையோ புறத்தேயுள்ள வயலிலும் குட்டையிலும். நத்தைகுத்தி நாரைக்கு நத்தை வேண்டுமன்றோ? 2020 ஆம் ஆண்டில் அவ்வாரையை 3 கிலோமீட்டராகச் சுருக்கும் முயற்சி எழுந்தது; எதிர்ப்பும் எழுந்தது. ஆரை 5, 3 ஆகுமாயின் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரு கூறு போய்விடும். கணிதம் பயிலும் நண்பர் எவரும் இதனை நொடியிற் கூறுவர். இரைதேடும் பறவை எவ்வளவு தொலைவு பறக்கின்றது என்பதை அளந்து எல்லை வகுப்பதன்றி, நிலத்தை விரும்புவோர் வசதிக்கேற்ப வகுத்தல் முறையாமோ?

ஆராய்ச்சி முடியுமட்டும் காடு காத்திருக்குமோ எனச் சிலர் வினவுவர். தக்க வினாவே. காத்திருக்கச் சொல்லவில்லை, காவலும் கணக்கும் உடன்செல்லட்டும் என்கின்றேன். நம் ஊர்க்கு அக்கணக்கு எங்கே? சவ்வாதுமலைப் பக்கத்திலிருந்து வரும் கமண்டல நாகநதியையும் நம் சுற்றுப்புறத்து ஏரிகளையும் நாடோறும் காண்கின்றோம். அவற்றில் எவ்வெப் பறவை எந்தத் திங்களில் வந்து தங்குகின்றது என வினவின், யான் விடை கூற இயலாது நாணுகின்றேன். நாளை ஓர் ஏரியைத் தூர்க்க எவரேனும் முற்படின், எதனைக் காட்டி வழக்குரைப்போம்?

1987 ஆம் ஆண்டு முதல் ஆசிய நாடுகளில் ஜனவரித் திங்கள்தோறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெற்று வருகின்றது. இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு தொலைநோக்கியும் குறிப்பேடும் விடியலில் எழும் மனமும் போதும். விலங்கியல் மாணவர் பறவையை இனங்காட்டட்டும். அதற்கு ஊரார் வழங்கும் பெயரைக் கேட்டு எழுதும் பணியைத் தமிழ் மாணவராகிய யாம் ஏற்கின்றோம். வரும் பொங்கல் விடுமுறையில் உடன்வர விரும்புவோர் தமிழ் மன்றச் செயலாளரிடம் பெயர் கொடுப்பாராக.